மாமனாரின் ஆலிவ் தோட்டம் தடுப்புச்சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஐநா பதிவேட்டில் எழுதியதற்குப் பணம் வருமா?

அம்மானில் வசிக்கும் ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், செவிலியர். ஷார்ஜாவில் மருத்துவமனை வேலையில் இருந்தபோது கூட வேலை பார்த்த பாலஸ்தீனரைத் திருமணம் செய்துகொண்டார். கணவரின் ஊர் மேற்குக் கரையில், கல்கிலியா மாவட்டத்தில் ஒரு கிராமம். மாமனாருக்கு அங்கே 22 துனம் நிலம் இருந்தது. (ஒரு துனம் என்பது 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 25 சென்ட்.) இஸ்ரேல் தடுப்புச்சுவர் கட்டியபோது அதில் 5 துனம் சுவரின் பாதைக்குள்ளேயே போயிற்று, ஆலிவ் மரங்களைப் புல்டோசர் வைத்துப் பிடுங்கினார்கள். நிலத்தை எடுக்கிறோம் என்ற ராணுவ உத்தரவு வீட்டுக்கு வரவில்லை. தோட்டத்தில் ஒரு மரத்தில் மாட்டியிருந்ததை மாமனார்தான் பார்த்து எடுத்து வந்தார். மீதி 17 துனம், மூன்று துண்டுகளாக, சுவருக்கு அந்தப் பக்கம். சில வருடம் அனுமதிச் சீட்டு வாங்கி வாயில் வழியாகப் போய் வந்தார், அப்புறம் சீட்டு மறுக்கப்பட்டது, அறுவடைக்கு மட்டும் விட்டார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு அதுவும் இல்லை.

2011-ல் ஐநா சார்பில் ஆட்கள் ஊருக்கு வந்து மாமனாரிடம் விவரம் கேட்டு, ஆவணப் பிரதிகளை வாங்கி, எல்லாம் வியன்னாவுக்குப் போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். கொடுத்ததற்கு ஒரு தாள் வீட்டில் இருக்கிறது. மாமனார் 2019-ல் இறந்துவிட்டார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இப்போது ஒரு தூரத்து உறவினர், "வியன்னா பட்டியலுக்குப் பணம் வரப்போகிறது, 1,500 டாலரும் ஒரு பவரும் கொடுத்தால் நான் முடித்துத் தருகிறேன்" என்கிறாராம். கொழுந்தனாரோ, அப்படி எழுதிக் கொடுத்ததே நிலத்தை விற்றதற்குச் சமம், அப்பா செய்தது தப்பு என்று கோபப்படுகிறாராம். "என் அப்பாவின் நிலத்தைப் பைபாஸ் ரோட்டுக்கு எடுத்தபோது கோர்ட்டுக்குப் போய் வட்டியோடு பணம் வாங்கினோம். இவ்வளவு பெரிய ஐநா சபை எழுதி வாங்கிக்கொண்டு போய் இத்தனை வருடமாக ஏன் எதுவும் செய்யவில்லை? இஸ்ரேல் தருகிற இழப்பீட்டையாவது வாங்கலாமா? நான் இந்தியக் குடிமகள் என்பதால் இங்கிருந்து ஏதாவது வழக்குப் போட முடியுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாக் கேள்விகளையும் தள்ளிவைத்துவிட்டு அந்த 1,500 டாலர் விஷயத்தை முதலில் பேசுவோம், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். பணமும் கொடுக்காதீர்கள், பவரும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஐநா பதிவேட்டில் பதிவதற்குக் கட்டணமே கிடையாது. அங்கே இடைத்தரகருக்கு வேலையும் இல்லை. பணம் பிரித்துக் கொடுக்கும் கட்டம் ஒன்று அந்த அலுவலகத்தின் பொறுப்பிலேயே இல்லை, அதனால் அவர் "முடித்துத் தருகிறேன்" என்று சொல்வதற்கு அங்கே முடிக்க ஒன்றுமில்லை.

1,500 டாலரைவிட எனக்குப் பயம் அந்தப் பவர் மேல்தான். மேற்குக் கரையில் நடப்பில் இருக்கும் பழைய ஜோர்டான் சட்டத்தின்படி, கொடுத்தவர் நினைத்தாலும் திரும்பப் பெற முடியாத ஒருவகைப் பவர் பத்திரம் உண்டு. நிலம் கைமாறுவதற்கு அங்கே அது ஒரு வழக்கமான வழி, உரிமையாளருக்கே தெரியாமல் நிலம் போன பல கதைகளில் இப்படி ஒரு பத்திரம்தான் ஆரம்பப் புள்ளி. உங்கள் கணவரோ மாமியாரோ ஏற்கெனவே ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், அது என்ன தாள் என்று நாளைக்கே கண்டுபிடித்து, கல்கிலியாவிலோ நாப்லஸிலோ ஒரு நில வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உறவினர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம்.

அந்தப் பதிவேடு உண்மையில் என்ன

2004 ஜூலை 9 அன்று ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதிக்குள் சுவர் கட்டுவது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று கருத்துச் சொன்னது. 15 நீதிபதிகளில் 14 பேர் ஒரு பக்கம். தற்கொலைத் தாக்குதல்களைத் தடுக்கத்தான் கட்டுகிறோம் என்பது இஸ்ரேலின் வாதம், இன்றும் அதைத்தான் சொல்கிறது. நீதிமன்றத்தின் கவலை சுவர் போகும் பாதையைப் பற்றியது. திட்டமிட்ட நீளம் சுமார் 712 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 85 விழுக்காடு 1949 போர்நிறுத்தக் கோட்டின் மேல் இல்லாமல் மேற்குக் கரைக்கு உள்ளே ஓடுகிறது. உங்கள் மாமனாரின் நிலம் அந்தப் பக்கம் போனது அதனால்தான். பிடுங்கிய நிலம், பழத்தோட்டம், ஆலிவ் தோப்பு எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும், திருப்பித் தரவே முடியாது என்ற நிலை இருந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று அந்தக் கருத்துரை சொல்கிறது. ஆலிவ் தோப்பு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அது கருத்துரை. தீர்ப்பைப் போல ஒரு நாட்டைக் கட்டுப்படுத்தி வசூலிக்க வைக்கும் ஆணை இல்லை. அதை வைத்து ஐநா பொதுச்சபை 2004 ஜூலை 20 அன்று, சேதங்களைப் பதிவு செய்ய ஒரு பதிவேடு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பதிவேட்டை உருவாக்கும் தீர்மானம் 2006 டிசம்பர் 15-ல்தான் வந்தது. அலுவலகம் வியன்னாவில், அதன் மேல் மூன்று பேர் கொண்ட வாரியம். கிராமம் கிராமமாகப் போய் விண்ணப்பம் வாங்குவது 2008 கடைசியில் தொடங்கி, 70,000-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் சேர்ந்தன.

கோரிக்கைகளை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: விவசாயம், வணிகம், குடியிருப்பு, வேலை, பள்ளி மருத்துவமனை போன்ற சேவைகளுக்குப் போக முடியாமை, பொதுச் சொத்து. மாமனாருடையது விவசாய வகை. பிடுங்கிய மரம், எடுத்த நிலம், போக முடியாமல் கிடக்கும் நிலம், கிணறு எல்லாம் அதில் வரும். ஊரார் சேர்ந்து பயன்படுத்திய கிணறு ஒன்று உண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் மாமனாரின் பங்கு விண்ணப்பத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மரம் எத்தனை என்று எண்ணிச் சொல்பவர்கள்கூட பங்குக் கிணற்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

வாரியம் பார்ப்பது, விண்ணப்பித்தவருக்குத் தகுதி இருக்கிறதா, சேதம் நடந்ததா, அந்தச் சேதத்துக்குச் சுவர்தான் காரணமா என்பதை மட்டும். சேதத்தின் மதிப்பு எவ்வளவு என்று அது கணக்குப் போடாது. யார் தரவேண்டும் என்று தீர்ப்பும் சொல்லாது. உருவாக்கும்போதே இது இழப்பீட்டு ஆணையம் இல்லை, நீதிமன்றமும் இல்லை என்று தெளிவாகச் சொல்லித்தான் உருவாக்கினார்கள். பணம் என்பது பின்னால் ஒரு நாள், வேறு ஓர் அமைப்பு வழியாக, அரசியல் முடிவு ஒன்று வந்தால்தான். அந்த அமைப்பு இன்னும் வரவில்லை. மாமனாருக்குப் பதில் வராததற்கு அவர் கொடுத்த தாளில் குறை இருந்தது காரணமில்லை. பணம் பற்றிப் பதில் சொல்லும் இடமே அது கிடையாது.

பைபாஸ் ரோட்டு நிலத்தோடு ஒப்பிடும்போது

உங்கள் அப்பாவின் வழக்கை நீங்கள் நினைத்துப் பார்ப்பது இயல்புதான். அங்கே நிலத்தை எடுத்த அரசும், பணம் தரவேண்டிய அரசும், அந்த அரசைக் கட்டாயப்படுத்தும் நீதிமன்றமும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. தொகை போதாது என்றால் மேல்முறையீடு, அதற்கு வட்டி, கட்டாவிட்டால் ஜப்தி. மேற்குக் கரையில் நிலத்தை எடுத்தது ஆக்கிரமிப்பில் இருக்கும் ராணுவம், தப்பு என்று சொன்னது ஹேக், எழுதி வைத்தது வியன்னா. இவற்றுக்கு நடுவே வசூல் செய்யும் கை கிடையாது.

அது இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு குவைத் உதாரணம். 1990-ல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது நம்மவர்கள் எத்தனையோ பேர் போட்டது போட்டபடி கிளம்பி வந்தார்கள். அதற்கு இழப்பீடு தர ஐநா ஆணையம் ஒன்று ஜெனீவாவில் அமைந்தது. சுமார் 27 லட்சம் கோரிக்கைகள், 52.4 பில்லியன் டாலர், கடைசித் தவணை 2022-ல். அது நடந்ததற்குக் காரணம், பாதுகாப்புச் சபை கட்டுப்படுத்தும் தீர்மானம் போட்டதும், ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை நேராக எடுத்துக்கொண்டதும்தான். சுவர் விஷயத்தில் பாதுகாப்புச் சபைத் தீர்மானமும் இல்லை, எண்ணெய்ப் பணம் போல ஒரு நிதியும் இல்லை. இஸ்ரேல் இந்தப் பதிவேட்டோடு ஒத்துழைப்பதும் இல்லை, கோரிக்கை இருந்தால் எங்கள் அமைப்புகளிடம் வாருங்கள் என்கிறது.

அப்படியானால் மாமனார் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சொன்னது வீணா என்றால், நான் அப்படி நினைக்கவில்லை. குவைத்தில் ஆணையம் வந்தபோது கையில் தாள் வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் பெரியது. இங்கே சுவர் எழுந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மரத்தை நட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாமனார் உயிரோடு இருந்தபோது, தன் வாயால், எந்தத் துண்டில் எத்தனை மரம் என்று சொன்னதும் அவர் கொடுத்த பிரதிகளும் ஓர் ஐநா அலுவலகத்தில் இருக்கின்றன. இன்றைக்கு அந்த வாக்குமூலத்தை உங்களால் புதிதாக உருவாக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று அதே சர்வதேச நீதிமன்றம் இன்னொரு கருத்துரையில், 1967 முதல் எடுத்த நிலத்தையும் அசையாச் சொத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று மறுபடி சொன்னது. அந்த வருடம் செப்டம்பர் 18-ல் பொதுச்சபை, இழப்பீட்டுக்கு ஓர் அமைப்பும் எல்லாச் சேதங்களுக்கும் ஒரு சர்வதேசப் பதிவேடும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. உங்கள் உறவினர் "பணம் வரப்போகிறது" என்று சொல்வதற்கு விதை ஒருவேளை இந்தச் செய்தியாக இருக்கலாம். தீர்மானத்தில் இருப்பது அழைப்புதான், காசோலை இல்லை. இருந்தாலும் அப்படி ஓர் அமைப்பு வரும்போது முதலில் எடுத்துப் பார்க்கப் போவது வியன்னாவில் இருக்கும் இந்தக் கோப்புகளைத்தான் என்பது என் கணிப்பு.

கொழுந்தனாரின் பயம்

பதிவேட்டில் எழுதியதால் நிலம் கைமாறாது. அது விற்பனை ஒப்பந்தமோ விடுதலைப் பத்திரமோ இல்லை. "இது என் நிலம், இந்தச் சேதம் நடந்தது" என்று சொல்லும் ஆவணம், உரிமையை அது வலுப்படுத்தத்தான் செய்யும். 2006 தீர்மானமே, சுவர் இருக்கும் வரை பதிவேடு திறந்திருக்கும் என்கிறது. அதாவது நிலத்தின் மேல் உள்ள பேச்சை முடிப்பது அதன் நோக்கமே இல்லை. மாமனார் செய்தது சரியான காரியம் என்று கொழுந்தனாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆனால் அவர் கோபத்துக்கு ஒரு நியாயமான வேர் இருக்கிறது. ஊரில் "இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தான்" என்று சொன்னால் அது பெரும்பாலும் இன்னொரு வழியைக் குறிக்கும்: இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்திடம் பணம் கேட்பது. இந்த இரண்டையும் அவர் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

இஸ்ரேல் தரும் இழப்பீட்டை வாங்கலாமா

மரத்தில் மாட்டியிருந்த அந்த உத்தரவைக் கவனமாகப் படித்தால், நிலத்தின் உரிமை மாறியதாக அதில் இருக்காது. ராணுவத் தேவைக்காக இத்தனையாம் தேதி வரை எடுத்துக்கொள்கிறோம் என்று இருக்கும், தேதி முடிந்தால் நீட்டிப்பார்கள். அந்த முறையில் உரிமையாளர் பயன்பாட்டுத் தொகையும் சேதத்துக்கு இழப்பீடும் கேட்கலாம் என்பதுதான் இஸ்ரேலின் நிலை. பெரும்பாலான பாலஸ்தீனக் குடும்பங்கள் அதை வாங்குவதில்லை, வாங்கினால் எடுத்ததை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பதால். அது மானம் சம்பந்தப்பட்ட முடிவு, அதில் வெளியாள் புத்தி சொல்லக் கூடாது. சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

எடுத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் காலம் கடந்துவிட்டது என்ற ஆட்சேபம் வரும். கையெழுத்துப் போடும் தாளில் "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், நாளை வேறு எந்த அமைப்பிடம் போனாலும் அந்த வரியைத்தான் எதிர்த்தரப்பு காட்டும். சுவருக்கு அடியில் போன 5 துனத்துக்கும், அந்தப் பக்கம் கிடக்கும் 17 துனத்துக்கும் நிலைமை ஒன்றில்லை; பின்னதை யாரும் எடுத்ததாகச் சொல்லவே இல்லை, போக விடவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஒரே தாளில் 22 துனத்தையும் போட்டு யாராவது கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒரு சிக்கல் உங்கள் கணவரைப் பற்றியது. 1967-ல் வந்த 58-ம் எண் ராணுவ ஆணை, பகுதியைவிட்டு வெளியே போனவரின் சொத்தைக் கைவிடப்பட்ட சொத்தாகப் பார்த்து ஒரு காப்பாளரின் கையில் வைக்க வழி செய்கிறது. அவர் இப்போது அம்மானில் இருக்கிறார். எந்தச் சூழ்நிலையில் வெளியே போனார், அவருடைய மேற்குக் கரை அடையாள அட்டை செல்லுபடியாகிறதா என்பதைப் பொறுத்து இது அவருக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். உள்ளூர் வழக்கறிஞர் பார்த்துச் சொல்லும் வரை, ராணுவ நிர்வாகத்திடம் போகும் எந்த விண்ணப்பத்திலும் "உரிமையாளர், முகவரி அம்மான்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஊரிலேயே வசிக்கும் மாமியாரும் கொழுந்தனாரும் முன்னால் நிற்பது நல்லது.

நிலம் சும்மா கிடப்பதில் உள்ள ஆபத்து

இதை உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் படித்தவுடன் என் கவலை இங்கேதான் போனது.

மேற்குக் கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குத்தான் ஜோர்டான் காலத்தில் முறையான நிலப் பதிவு முடிந்தது. 1968-ல் ஒரு ராணுவ ஆணை அந்த வேலையை நிறுத்திவிட்டது. மீதி நிலங்களுக்குக் கையில் இருப்பது வரி ரசீதும், பழைய உதுமானியர் (துருக்கியின் ஒட்டோமான் பேரரசு) காலப் பத்திரமும், உழுது வந்த அனுபவமும்தான். 1858-ம் ஆண்டு உதுமானியர் நிலச் சட்டத்தை வைத்து, பயிர் செய்யாமல் மூன்று வருடம் கிடந்த நிலத்தை அரசு நிலம் என்று அறிவிப்பது இஸ்ரேல் பின்பற்றி வரும் முறை. வாயில் பூட்டியிருப்பதால் உழ முடியவில்லை என்பது நமக்குத் தெரியும், அது கோப்பில் இருக்க வேண்டும். 2025 மே மாதம் இஸ்ரேல் அரசு, தன் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள சி பகுதியில் நிலப் பதிவை மறுபடி தொடங்க முடிவெடுத்திருக்கிறது. நிரூபிக்க முடியாதவர்கள் அதில் நிலத்தை இழக்கக் கூடும்.

இன்னொரு விஷயம் பாகப்பிரிவினை. சுவருக்கும் பழைய எல்லைக் கோட்டுக்கும் நடுவே உள்ள பகுதியை 2003 அக்டோபரில் மூடிய பகுதியாக அறிவித்தார்கள், அதன் பிறகு சொந்த நிலத்துக்குப் போகவே சீட்டு வேண்டும். 2017 விதிகளில், ஒருவரின் பங்கு 330 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவருக்கு விவசாயத் தேவை இல்லை என்று கருதும் விதி வந்தது. உங்கள் மூன்று துண்டுகளில் சிறியது 2 துனம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியார், இரண்டு மகன்கள், நான்கு மகள்கள், ஆக ஏழு பேர். சமமாகப் பிரித்தாலே தலைக்கு 285 சதுர மீட்டர்தான் வரும்! பாகம் பிரிக்கிற பேச்சு வீட்டில் இருந்தால், இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதற்காக நாத்தனார்களின் பங்கை மறைக்கவோ அவர்களிடம் விடுதலை எழுதி வாங்கவோ யாராவது யோசனை சொன்னால் அதற்கும் போக வேண்டாம். வாரிசுச் சான்றில் ஒரு பெயர் விட்டுப்போனால் பின்னால் முழுக் கோரிக்கையும் ஆட்டம் காணும்.

இப்போது என்ன செய்வது

முதலில் ஷரியா நீதிமன்றத்தில் மாமனாருக்கு வாரிசுச் சான்று வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கொழுந்தனார் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அந்தச் சான்றையும் இறப்புச் சான்றையும் 2011 தாளின் பிரதியையும் வைத்து வியன்னா அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம்: விண்ணப்பித்தவர் இறந்துவிட்டார், வாரிசுகள் இவர்கள், கோப்பில் என்னென்ன இருக்கிறது, வாரியம் என்ன முடிவெடுத்தது, விடுபட்டதைச் சேர்க்க முடியுமா. மருமகள் என்ற முறையில் நீங்கள் கோரிக்கையாளர் ஆக முடியாது, ஆனால் கடிதம் எழுதித் தருவதற்கும் கோப்பைப் பராமரிப்பதற்கும் உங்களைவிடப் பொருத்தமானவர் அந்தக் குடும்பத்தில் இல்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அப்புறம், அன்றைக்கு விவரம் எழுதி வாங்கிய விஷயத்தை ஊராட்சி மன்றத்தில் விசாரியுங்கள், அங்கே ஒரு பிரதியோ பட்டியலோ இருக்கலாம்.

நீங்கள் அம்மானில் இருப்பது ஒரு வகையில் வசதி. 1967-க்கு முன்னால் மேற்குக் கரை ஜோர்டான் கையில் இருந்ததால் அந்தக் காலத்து நில ஆவணங்களின் பிரதியை அங்கே உள்ள நிலத்துறையில் கேட்டுப் பார்க்கலாம். மாமனாரின் பெயரில் இல்லாவிட்டால் அவருடைய அப்பா, தாத்தா பெயரில் தேடச் சொல்லுங்கள். நம் ஊரில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடப்பதுபோல் அங்கேயும் உண்டு.

மாமியாரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, அவருக்கு எண்பதை நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பக்கமும் யார் நிலம், மரங்களை யார் எப்போது நட்டது, நல்ல வருடத்தில் எத்தனை டின் எண்ணெய் வந்தது, எந்த ஆலையில் ஆட்டினார்கள், கிணற்றில் முறைத் தண்ணீர் எந்தக் கிழமை. வீடியோவில் எடுங்கள், பிறகு அதையே எழுத்தில் வைத்து நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்குங்கள். எண்ணெய் ஆலை ரசீது, கூட்டுறவுச் சங்க அட்டை, வரி ரசீது, பழைய குடும்பப் படங்களில் பின்னால் தெரியும் மரங்கள், எதையும் சின்னது என்று ஒதுக்காதீர்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடத்துச் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது, உங்கள் கணவரை உட்காரவைத்து நிலத்தைக் குறிக்கச் சொல்லி வருட வாரியாகச் சேமித்துவையுங்கள்.

அனுமதிச் சீட்டுக்கு, கிடைக்காது என்று தெரிந்தாலும், கொழுந்தனார் ஒவ்வொரு பருவமும் விண்ணப்பிக்கட்டும். மறுப்புத் தாளும், வாயில் பூட்டிக் கிடக்கும் படமும்தான் "நாங்களாக விட்டுவிட்டுப் போகவில்லை" என்பதற்கு ஆதாரம். இதில் உதவ ஜெருசலேமில் ஹமோகெத் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு இருக்கிறது, சீட்டு மறுப்பு வழக்குகளைத் தொடர்ந்து நடத்துபவர்கள். ரமல்லாவில் பாலஸ்தீன அரசின் சுவர் மற்றும் குடியேற்ற எதிர்ப்பு ஆணையத்திலும் சட்ட உதவி கேட்கலாம். இரண்டு இடத்திலும் கேட்டுப் பாருங்கள்.

இஸ்ரேல் உயர் நீதிமன்றத்தில் நீதி கிடைக்காது என்று கொழுந்தனார் சொல்கிறாராம். சுவர் கூடாது என்று அது சொல்லவில்லை, சீட்டு முறையையும் 2011-ல் ஏற்றுக்கொண்டது, அவ்வளவும் உண்மை. ஆனால் உங்கள் மாவட்டத்திலேயே, அஸ்ஸூன் ஊராட்சித் தலைவர் போட்ட வழக்கில், 2006 ஜூனில் சுவரின் ஒரு பகுதியை மாற்றச் சொன்னது. பாதுகாப்புக்காகத்தான் அந்தப் பாதை என்று அரசு சொல்லியிருந்தது, பிறகு பக்கத்துக் குடியேற்றத்தின் விரிவாக்கத் திட்டத்தை வைத்துப் பாதை போட்டது தெரியவந்தது. ரமல்லா பக்கம் பிலின் கிராமத்திலும் 2007-ல் தீர்ப்பு வந்து 2011-ல் சுவரை நகர்த்தினார்கள். இரண்டிலும் ஊர் சேர்ந்து வழக்குப் போட்டது. உங்கள் ஊராட்சி அப்படி ஏதாவது வழக்கில் இருக்கிறதா, இருந்தால் உங்கள் துண்டுகளின் ஆவணம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி. இந்திய நீதிமன்றத்துக்கு அந்த நிலத்தின் மேல் அதிகாரம் இல்லை, நீங்கள் இந்தியக் குடிமகள் என்பதும் அதை மாற்றாது. அந்தச் செலவை வாரிசுச் சான்றுக்கும் ஒரு நல்ல உள்ளூர் வழக்கறிஞருக்கும் வையுங்கள். 2011 தாளையும் மரத்தில் மாட்டியிருந்த உத்தரவையும் இரண்டு பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்பினால், வியன்னாவுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வரைவை நானே எழுதித் தருகிறேன். மூலத்தை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.